நடுங்கிய நா

1841-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நான்டக்கெட் தீவில் அடிமை ஒழிப்பாளர் மாநாடு. பெரும்பாலும் வெள்ளையரே அமர்ந்திருந்த அந்த மன்றத்தில் ஒரு கருப்பு இளைஞர் எழுந்தார். கால்கள் நடுங்கின, நாக் குழறிற்று, நிமிர்ந்து நிற்கவும் இயலவில்லை. அவர் பெயர் பிரெடரிக் டக்ளஸ், வயது 23.

ஏன் நடுங்கினார்? கோழையா அவர்? 1838-இல் மாலுமி உடையணிந்து, மேரிலாந்து மாநிலத்து அடிமைத்தளையை அறுத்தெறிந்து தப்பியவர்! படித்தால் அடிமை கெட்டுவிடுவான் என்று எசமானன் தடுத்த எழுத்தை, தெருவிலே திரிந்த வெள்ளைச் சிறுவர்க்கு ரொட்டி கொடுத்துக் கற்றவர்! சாவுக்கு அஞ்சாதவர் சபைக்கு அஞ்சினார். வெள்ளையர்முன் மனத்திலுள்ளதைச் சொல்வது குற்றமென்று இருபதாண்டுக் காலம் பழக்கப்பட்ட நா அது. கைவிலங்கை உடைத்தவருக்கும் நாவிலங்கை உடைப்பது அரிதாயிருந்தது என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

எனினும் பேசினார், மன்றம் உருகிற்று. அடிமை ஒழிப்புச் சங்கம் அவரைச் சொற்பொழிவாளராக்கிற்று. அப்போது எழுந்தது இரண்டாவது தடை, பகைவரிடமிருந்தன்று, நண்பரிடமிருந்தே! நடந்த கொடுமையை மட்டும் சொல்லுக, அதன் தத்துவத்தை நாங்கள் விளக்குகிறோம் என்றனர். தோட்டத்து அடிமைப் பேச்சு சிறிது கலந்திருக்கட்டும், கற்றவர்போல் பேசினால் மக்கள் நம்பார் என்றனர். நல்லெண்ணந்தான், ஆனால் அதுவும் ஒரு கடிவாளமே! டக்ளஸ் இணங்கவில்லை. தமக்குச் சரியெனப்பட்ட சொல்லையே உரைத்தார்.

நண்பர் அஞ்சியபடியே ஐயம் எழுந்தது. இவ்வளவு தெளிவாகப் பேசுபவர் அடிமையாயிருந்தவரா? ஊரும் எசமானன் பெயரும் சொல்ல மறுக்கிறாரே! என்று கேட்டனர். சொன்னால் என்ன ஆகும்? தப்பிய அடிமையைப் பிடித்துச் செல்ல அந்நாட்டுச் சட்டம் இடந்தந்தது. உண்மையைச் சொன்னால் ஆபத்து. சொல்லாவிடில் பொய்யர் என்ற பழி. 1845-இல் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். எசமானன் பெயரையும் இடத்தையும் அச்சிலேயே பொறித்தார். பிறகு அட்லாண்டிக் கடலைக் கடந்து அயர்லாந்திலும் பிரிட்டனிலும் அடைக்கலம் புகுந்தார். 1846-இல் அங்கிருந்த அன்பர்கள் 150 பவுன் கொடுத்து அவருக்கு விடுதலைச் சீட்டு வாங்கினர்.

1847-இல் தாயகம் திரும்பினார். ஏடு நடத்த வேண்டாமென்று பழைய நண்பர் தடுத்தும், ராச்செஸ்டர் நகரில் 'நார்த் ஸ்டார்' இதழைத் தொடங்கினார். வடக்கு நோக்கித் தப்பியோடிய அடிமைகளுக்கு இரவிலே திசைகாட்டிய துருவ விண்மீனே அப்பெயர்! 1865-இல் அந்நாட்டு அரசியற்சட்டம் அடிமைமுறையை ஒழித்தது. அதைத் தம் கண்ணாலேயே கண்டார் டக்ளஸ்.

தோழர்களே! அச்சம் தீர்ந்த பிறகு பேசுவோம் என்று காத்திருப்போர் என்றுமே பேசார். டக்ளஸ் நடுங்கிக்கொண்டேதான் எழுந்தார். பகைவரின் பழிக்கு அஞ்சாமை துணிவின் முதற்படி. நம்மை நேசிப்போர் ஊட்டும் சொல்லையும், உள்ளம் ஒப்பாதபோது மறுப்பது அதனினும் உயர்ந்த படி. மேடையேறுமுன் நம்மை நாமே கேட்போம்: இச்சொல் நம்முடையதா, இரவலா?