உப்பும் விதையும்

மரக்காணத்திலிருந்து புதுவை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர் கூனிமேடு. கிழக்கே வங்கக்கடல், மேற்கே கழுவேலியின் சதுப்பு, வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். இக்கரையில் உப்பு ஒருவருக்குச் சோறு, மற்றொருவருக்கு இழப்பு. பாத்தியில் உப்புப் பூக்கக் கண்டால் உப்பளத் தொழிலாளி மகிழ்வார். அதே உப்பு வயலில் பூத்தால் உழவர் கலங்குவார். உப்பைத் தாங்கும் நெல் வேண்டும் என்னும் ஏக்கம் இத்தகைய கரைகளுக்கே உரியது. மரபணு ஆராய்ச்சியை நம் மக்கள் எவ்வாறு நோக்கினர் என்பதை இங்கிருந்து எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

உப்பை வென்ற விதைகளை முதலில் தேர்ந்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். தமிழகத்தின் களர்ப்பாலையும் குழியடிச்சானும், கேரளத்தின் பொக்காளியும் பெயரறியா உழவர்கள் காத்துத் தந்தவை. பொக்காளியில் கண்டறியப்பட்ட உப்புத் தாங்கும் மரபணுப் பகுதியையே பிற்காலத்தில் பல நாட்டு நெல் ஆய்வாளர்கள் பயன்படுத்தினர்.

1988இல் டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் வேறொரு வழியை நாடியது. உப்புநீரில் நின்று, இலை வழியே உப்பைக் கசியவிடும் வெண்கண்டல் மரத்தின் மரபணுக்களை நெல்லில் சேர்க்க அஜய் பரிடாவும் அவர் குழுவினரும் முயன்றனர். பாசுமதி வகையொன்றில் அவர்கள் கண்ட பயன் 2008இல் ஆய்வேடாக வெளிவந்தது. எனினும் அந்நெல் உழவர் வயலுக்கு வரவில்லை.

இடையே 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. நாகைக் கரையில் உப்பேறிய நிலங்களை இயற்கை முறையில் மீட்கப் பாடுபட்டார் நம்மாழ்வார். மரபணு மாற்றுப் பயிர்களைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். ஒரே உப்புக்கு இரு மறுமொழிகள்! இரண்டும் உழவர் நலம் கருதியே எழுந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

மக்கள் கருத்து வெளிப்படையாகக் கேட்கப்பட்டது பி.டி. கத்தரி விவகாரத்தில்தான். காய்ப்புழுவை எதிர்க்க மண் நுண்ணுயிரியின் மரபணுவைப் பெற்ற கத்தரி அது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நம் நாட்டு வகைகளில் அதனைச் சேர்த்தது. 2009 அக்டோபர் 14இல் மத்திய ஒப்புதல் குழு இசைவளித்தது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களைக் கேட்டறிந்து, 2010 பிப்ரவரி 9இல் அதனை நிறுத்திவைத்தார். அண்டை நாடான வங்கதேசமோ 2013இல் அதே கத்தரியை ஏற்றது. அந்த ஏழு நகரங்களுள் ஒன்றேனும் தமிழகத்தில் இல்லை. விதை உருவானது இங்கே. விசாரணை நடந்தது வேறெங்கோ!

பின்னர் நிலை மாறியது. அயல் மரபணுவைச் சேர்க்காமல், பயிரின் சொந்த மரபணுவையே திருத்தும் முறை வந்தது. 2022 மார்ச்சில் இத்தகைய பயிர்களுக்குப் பழைய விதிகள் பலவற்றிலிருந்து மத்திய அரசு விலக்களித்தது. 2025 மே 4இல் அறிவிக்கப்பட்ட இரு நெல் வகைகளுள் ஒன்றான 'பூசா டி.எஸ்.டி. நெல் 1' வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்றனர். எதிர்ப்பும் உடனே எழுந்தது. அயல் மரபணு இல்லையென்றால் அச்சத்தின் ஒரு பகுதி நீங்கலாம். ஆனால் விதை யாருக்குச் சொந்தம், தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்னும் கேள்விகள் நீங்கவில்லை.

புதுமை என்பதற்காகவே ஒன்றை வெறுப்பது அறிவன்று. விஞ்ஞானம் என்பதற்காகவே வாய்மூடி ஏற்பதும் அறிவன்று. விதை தலைமுறைகள் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதில் கைவைப்போர் அதனைக் காத்தவர்களைக் கலந்து பேசக் கடமைப்பட்டவர்கள். உப்பின் கசப்பை நாள்தோறும் அறியும் இக்கரை மக்களிடம் கேளாமல், உப்பைத் தாங்கும் விதையைப் பற்றி முடிவெடுப்பது எங்ஙனம் நீதியாகும்?