கல்லீரல் புற்று: கத்தியும் மருந்தும் வந்த வழி

கல்லீரலில் கத்தி வைக்க மருத்துவர்கள் நெடுங்காலம் அஞ்சியதற்கு முதற்காரணம் ரத்தம். கல்லீரல் தமனி, போர்ட்டல் சிரை என்ற இரண்டு வழிகளில் நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் அதற்குள் பாய்கிறது. அதன் சதையோ மிக மென்மையானது. தையல் போட்டு இறுக்கினால் நூலே சதையை அறுத்துவிடும்.

1880களின் கடைசியில் பெர்லினில் கார்ல் லாங்கன்புக், இடது மடலின் ஒரு பகுதியைத் திட்டமிட்டு அகற்றினார். ரத்தக் கசிவை நிறுத்த மறுபடியும் வயிற்றைத் திறக்க நேர்ந்தது, நோயாளி பிழைத்தார். 1908-இல் கிளாஸ்கோவின் ஹோகார்த் பிரிங்கிள், கல்லீரலுக்குள் நுழையும் குழாய்களை நுழைவாயிலிலேயே அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தும் முறையை எழுதி வைத்தார். கல்லீரல் கிழிந்து அவரிடம் வந்தவர்களில் அறுவை செய்தும் எவரும் பிழைக்கவில்லை. ஆனால் அந்த முறை இன்றுவரை அவர் பெயரால் வழங்குகிறது.

பெரிய திருப்பம் ஹனோயில் நிகழ்ந்தது. பிரெஞ்சு ஆட்சிக்கால வியட்நாமில் மருத்துவம் பயின்ற தோன் தாட் துங், 1935-இல் ஒரு சடலத்தின் பித்த நாளங்கள் உருளைப்புழுக்களால் அடைபட்டு வீங்கியிருப்பதைக் கண்டார். அந்த நாளங்களைப் பின்தொடர்ந்து கல்லீரல் சதையைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்தார். சில ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட சடலங்களின் கல்லீரல்களை இப்படி ஆராய்ந்து, உள்ளே குழாய்கள் ஓடும் ஒழுங்கை வரைந்தார். 1963-இல் அவர் வெளியிட்ட அறுவை முறை எளிமையானது: நுழைவாயிலை இறுக்கிவிட்டு, வெட்ட வேண்டிய கோட்டில் சதையை விரல்களால் நசுக்குவது. சதை விலகும், குழாய்கள் அறுபடாமல் விரலில் தட்டுப்படும், ஒவ்வொன்றையும் கட்டிவிட்டு வெட்டலாம். வசதி குறைந்த மருத்துவமனையில், போர்க்காலத்தில் வளர்ந்த இந்த நுட்பத்துக்கு உரிய புகழ் இன்னும் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பாரிஸில் குளோட் குய்னோ 1950களில் கல்லீரலை எட்டுக் கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு கூறுக்கும் தனி ரத்த வரவு உண்டு என்பதால் நோயுற்ற கூறை மட்டும் நீக்க முடிந்தது. ஜப்பானியரான மசாதோஷி மக்குச்சி, அறுவை மேசையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துக் கூறுகளின் எல்லையைக் கண்டறிந்தார். இந்தத் துல்லியம் தேவை, ஏனெனில் புற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரல் முன்பே சுருங்கிப் பழுதாகியிருக்கும். நல்ல பகுதியில் கைப்பிடி அளவு மிஞ்சுவதுகூட அவர்களுக்கு உயிர்.

முழுக் கல்லீரலையும் மாற்றும் முயற்சியை டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் 1963-இல் தொடங்கினார். முதல் குழந்தை மேசையிலேயே இறந்தது. 1967-இல் புற்றுக்காக மாற்றுக் கல்லீரல் பெற்ற ஒரு பெண் குழந்தை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது. பிறகு புற்று திரும்பியது. யாருக்கு மாற்றலாம் என்ற கேள்விக்கு 1996-இல் மிலானிலிருந்து விடை வந்தது: 5 செ.மீ.க்கு மிகாத ஒரே கட்டி, அல்லது 3 செ.மீ.க்கு மிகாத மூன்று கட்டிகள் வரை. இந்த வரம்புக்குள் இருந்தவர்களில் நான்கில் மூவர் நான்காண்டு கடந்து வாழ்ந்தனர்.

மருந்து தாமதமாகவே வந்தது. ஆயுளை நீட்டிய முதல் மாத்திரை சோராஃபெனிப். 2008-இல் வெளியான ஆய்வில் சராசரி ஆயுள் 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமானது. காலையில் இரண்டு, இரவில் இரண்டு என மாதம் 120 மாத்திரை. இந்தியாவில் அந்த 120 மாத்திரைக்குப் பேயர் நிறுவனத்தின் விலை அப்போது 2,80,428 ரூபாய். 2012 மார்ச்சில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன், அதே மருந்தை 8,880 ரூபாய்க்கு விற்க காப்புரிமை பேயரிடம் இருந்தும், ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கினார். இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் அதுதான். மறு ஆண்டு, அப்போது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அதை உறுதி செய்தது.

2020-இல் அடெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது ஓராண்டு கடந்தவர்கள் 67 சதவீதம். சோராஃபெனிப் பெற்றவர்களில் 55. இவற்றின் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாதது. சோராஃபெனிப்புக்குத் திறந்த கதவை இவற்றுக்கும் அரசு திறக்க வேண்டும்.