ஊருக்கு வந்த ரயில்

எலவனாசூர்கோட்டைக்கு ரயில் கிடையாது. இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. பெயரில் கோட்டை இருக்கிறது. பழைய சிவன் கோயில் இருக்கிறது. சேலத்துக்குப் போகும் நெடுஞ்சாலை இருக்கிறது. ரயில் மட்டும் இல்லை. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு 1929இல் திறந்த குறுக்குப் பாதை, எங்களைத் தொடாமல் கிழக்கே உளுந்தூர்பேட்டையோடு போய்விட்டது. மேற்கே போனால் சின்னசேலத்தில் சேலம் பாதையைப் பார்க்கலாம். 2019 நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகராகிவிட்ட கள்ளக்குறிச்சிக்கே 2020இல் ரயில் வந்தபாடில்லை. பிறகு எங்களுக்கு என்ன அவசரம்?

ஆனால் எங்கள் வீட்டில் மட்டும் வருஷத்துக்கு ஒன்பது நாள் ரயில் ஓடியது. 1960களின் நடுவில் அப்பா பட்டணத்துக்குப் போனபோது, மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையொன்றில் ஹார்ன்பி தகர ரயில் ஒன்றை வாங்கி வந்தார். சாவி கொடுத்தால் ஓடும் எஞ்சின், இரண்டு சரக்குப் பெட்டி, வட்டமாகப் பொருத்தும் தண்டவாளம். நவராத்திரி கொலுவில் அதற்குத்தான் முதல் மரியாதை. பண்ருட்டிச் செட்டியார் பொம்மைக்கும் தசாவதாரத்துக்கும் கீழே, தரையில், கேழ்வரகு முளைக்க வைத்த பூங்காவைச் சுற்றி அது கடகடவென்று ஓடும். சுண்டலுக்கு வந்த பிள்ளைகள் சுண்டலை மறந்துவிட்டு நிற்பார்கள்.

வருஷங்கள் போயின. தண்டவாளம் துருப்பிடித்தது. பெட்டிகள் எந்தப் பிள்ளையின் கையோடு போயினவோ தெரியாது. எஞ்சின் மட்டும் பரணில் தங்கியது.

2020 மார்ச்சில் ஒரு நில விவகாரமாக ஊருக்கு வந்த நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். அந்த மாதம் 22ஆம் தேதி நள்ளிரவோடு நாட்டில் பயணி ரயில்கள் எல்லாம் நின்றன. 1853 ஏப்ரல் 16ஆம் தேதி பம்பாயிலிருந்து தானாவுக்கு முதல் வண்டி புறப்பட்டது முதல் அப்படி ஒன்று நடந்ததில்லை. இரண்டு உலக யுத்தங்களிலும் ரயில் ஓடியது. 1974 மே மாதம் இருபது நாள் நடந்த பெரிய வேலைநிறுத்தத்திலும் சில வண்டிகளாவது ஓடின. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி வந்து அத்தனை வண்டிகளையும் நிறுத்திவிட்டது.

ரயிலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ரயில் நின்றுபோனதை நினைத்து ஏங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். ஒரு நாள் பரணில் ஏறினேன். எஞ்சின் கிடைத்தது. சாவி இல்லை, தண்டவாளம் இல்லை, பெட்டி இல்லை. 'இவற்றை எங்கேயாவது வாங்க முடியுமா?' என்று கைபேசியில் தேட ஆரம்பித்தேன். ஒரு பொம்மைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வியாபாரம் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பொம்மை ரயிலைக் கண்டுபிடித்தவர் யார் என்று சொல்வது கஷ்டம். ஆனால் அதை முடிவே இல்லாத வியாபாரமாக்கியவர்கள் யார் என்று சொல்லிவிடலாம். ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற ஊரில் 1859இல் தொடங்கிய மார்க்லின் கம்பெனி, 1891இல் லைப்சிக் சந்தையில் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. தண்டவாளத்தின் அகலத்துக்குத் திட்டமான அளவுகளை வகுத்தது. அளவு நிலைத்துவிட்டால், இந்த வருஷம் எஞ்சின் வாங்கியவன் அடுத்த வருஷம் பெட்டி வாங்குவான். அதற்கடுத்த வருஷம் ஸ்டேஷன், பாலம், சிக்னல். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்காமல் கொலுப்படி ஏற்றுவதில்லை அல்லவா? இங்கிலாந்தில் லிவர்பூல்காரரான பிராங்க் ஹார்ன்பி 1920இல் தம் பெயரில் ரயில் விற்க ஆரம்பித்தார். எங்கள் எஞ்சின் அந்த வம்சம்தான். 32 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடுவது. 1938இல் அதே கம்பெனி 16.5 மில்லிமீட்டரில் சின்ன ரயில் கொண்டுவந்த பிறகு, பழைய தகர ரயிலின் செல்வாக்கு மெல்லக் குறைந்தது.

அளவு திட்டமாக இருப்பதில் இன்னொரு விசேஷம் உண்டு. ஐம்பது வருஷத்துக்கு முந்திய பெட்டி இன்றைய தண்டவாளத்திலும் ஓடும். அதனால்தான் பழைய சாமானுக்கு மதிப்பு. புது ரயிலைக் கடையில் வாங்கலாம்; பழைய ரயிலை மனிதரிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

நம் பட்டணத்தில் அந்த மனிதர்கள் இருந்த இடம் மூர் மார்க்கெட். 1985 மே 30ஆம் தேதி அது தீப்பற்றி எரிந்தது. அந்த இடத்தில்தான் பிற்பாடு சென்டிரலின் புறநகர் ரயில் நிலையம் எழும்பியது. பொம்மை ரயில் விற்ற மண்ணில் நிஜ ரயில் வந்து நின்றது. மூர் மார்க்கெட்டின் நினைவாக அங்கே வைத்ததோ சிறிய மாதிரிக் கட்டடம் ஒன்று. கடைசியில் கடைத்தெருவே பொம்மையாகிவிட்டது!

பெருந்தொற்றின் போது உலகம் முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் பரணில் ஏறியிருக்கிறார்கள். அதற்குக் கணக்கே சாட்சி. பல வருஷம் நஷ்டத்தில் தத்தளித்த ஹார்ன்பி கம்பெனி, 2021 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் விற்பனை கால் பங்குக்கு மேல் ஏறி லாபம் கண்டது. ஆனால் இதில் ஒரு சிக்கல். இந்தக் காலத்துப் பொம்மை ரயில்களில் பெரும்பகுதி சீனத் தொழிற்சாலைகளில் உருவாகிறது. 2020 ஜனவரிக் கடைசியில் வூஹான் நகரை அடைத்தபோது சீனத்துத் தொழிற்சாலைகளும் பல வாரம் அடைந்து கிடந்தன. வாங்க ஆள் இருந்தது, சரக்கு வரவில்லை. அப்போது எல்லோர் பார்வையும் பழைய சாமான் பக்கம் திரும்பியது.

சரித்திரத்தில் இப்படி முன்பும் நடந்திருக்கிறது. 1942இல் யுத்தத்துக்கு உலோகம் வேண்டும் என்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உலோகப் பொம்மை செய்வதை நிறுத்தினார்கள். அமெரிக்காவின் லயோனல் கம்பெனி பிள்ளைகளை ஏமாற்றக் கூடாதென்று 1943இல் அட்டையால் ஒரு ரயில் செய்து விற்றது. வெட்டி, மடித்து, செருகிப் பொருத்த வேண்டும். அதைப் பொருத்தி முடிப்பதற்குள் தகப்பன்மார்களின் பொறுமை போய்விட்டதாகச் சொல்வார்கள். வேண்டும் என்ற மனசு சரக்கு இல்லாததால் அடங்குவதில்லை, அதிகம்தான் ஆகிறது.

நம் நாட்டிலோ இன்னும் சில கதவுகள் அடைபட்டிருந்தன. வெளிநாட்டிலிருந்து ஐயாயிரம் ரூபாய் வரை பரிசுப் பொருளாக வரியில்லாமல் வரவழைக்கும் சலுகை 2019 டிசம்பரில் போயிற்று. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. 2020 பிப்ரவரி பட்ஜெட்டில் பொம்மை மீதான இறக்குமதி வரியை 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆக்கினார்கள். மார்ச்சில் வெளிநாட்டு விமானங்களும் நின்றன. உள்நாட்டு இணையக் கடைகள் அத்தியாவசியப் பொருள் மட்டுமே விற்கலாம் என்று உத்தரவு. பொம்மை ரயில் அத்தியாவசியப் பொருளா? சர்க்காரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. யாரிடமும் பழைய சாமான் வாங்கலாம் என்றிருந்த ஈபே இணையச் சந்தையும் 2018இலேயே இந்தியக் கடையை மூடிவிட்டது. ஆகவே எஞ்சியவை கைபேசியில் இயங்கிய சில நண்பர் குழுக்கள்தான். ஒருவர் படம் போடுவார். இன்னொருவர் விலை கேட்பார். சக்கரம் தேய்ந்திருக்கிறதா, பெயிண்ட் பழையதா, பிறகு பூசியதா என்று விசாரணை நடக்கும். பணம் கைபேசி வழியே நொடியில் போய்விடும். சாமான் வருவது விற்றவரின் நாணயத்தைப் பொறுத்தது.

அப்படித்தான் பொன்மலைக்காரர் எனக்கு அறிமுகமானார். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு மாறிய பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்தைந்து தாண்டியவர். ஒரு வட்டம் தண்டவாளம், இரண்டு சரக்குப் பெட்டி, தம் கையால் அரத்தில் ராவிச் செய்த ஒரு சாவி, எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய் என்றார்.

"நாலாயிரம் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா" என்றேன்.

"தம்பி, சாவி ஒண்ணு செய்யவே எனக்கு நாலு நாள் ஆச்சு. சரி, நாலாயிரத்து இருநூறு. ஆனா ஒரு கேள்வி. இதை ஓட்டுவீங்களா, கண்ணாடி அலமாரியிலே வைப்பீங்களா?"

"கொலுவில் ஓட்டுவேன்."

"அப்படின்னா சரி" என்றார்.

பேரத்தில் முந்நூறு ரூபாய் குறைத்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். அது மே மாத முதல் வாரம். எங்கள் நெடுஞ்சாலையில் மூட்டை முடிச்சுகளோடு மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அந்த 8ஆம் தேதி ஒரு செய்தி. மகாராஷ்டிரத்தில் ஔரங்காபாத்துக்கு அருகே, ஜால்னாவிலிருந்து தண்டவாளத்தின் வழியே ஊருக்கு நடந்த தொழிலாளர்களில் பதினாறு பேர் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். ரயில்தான் ஓடவில்லையே என்று அசதியில் தண்டவாளத்திலேயே தூங்கிவிட்டார்கள். சரக்கு ரயில்கள் நிற்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

அன்று பகல் முழுவதும் தண்டவாளம் என்ற சொல்லே என்னை உறுத்தியது. ஒரு வட்டம் தகரத் தண்டவாளத்துக்கு நான் பேரம் பேசிய வாரம் அது. பொம்மை வாங்குவது பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நிஜ ரயில் எதற்காக ஓடுகிறது என்பதை மறந்துவிட்டு அதன் அழகை மட்டும் கொஞ்சினால், அந்த ஆசையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பட்டது. பொன்மலைக்காரருக்குப் போன் செய்தேன். அவரும் செய்தியைப் படித்திருந்தார். "முப்பத்தைந்து வருஷம் ரயிலுக்கு உழைச்சேன், தம்பி. இன்னிக்குச் சோறு இறங்கலே" என்றார். இருவரும் விலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

பார்சல் ஜூலையில் வந்தது. பழைய வேட்டித் துண்டில் ஒவ்வொரு பெட்டியாகச் சுற்றி, தேங்காய் நார் அடைத்து அனுப்பியிருந்தார். அக்டோபர் 17ஆம் தேதி கொலு வைத்தோம். சுண்டலுக்கு யாரும் வரவில்லை. நானும் என் மனைவியும் மட்டும் தரையில் உட்கார்ந்து அந்த ரயில் சுற்றுவதைப் பார்த்தோம். எங்கள் ஊருக்கு ரயில் வந்தது அப்படித்தான். அட்டைப் பெட்டியில், தபாலில்.

அதன் பிறகு பொன்மலைக்காரர் வாரம் ஒரு முறை கூப்பிடுவார். "ஓடுதா, தம்பி?" என்பார். முதலில் ஆசையாகப் பேசினேன். பிறகு, இன்னும் ஏதோ சாமான் விற்கப் பார்க்கிறார் என்று ஒரு சந்தேகம். மணி அடிக்கும், 'அப்புறம் பேசிக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவேன். வாங்கியவனுக்கு விலையோடு விஷயம் முடிந்துவிடுகிறது. விற்றவருக்கு அப்படி முடிவதில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

2021 மே மாதம் இரண்டாவது அலை. தமிழ்நாடு மறுபடி அடைபட்டது. ஜூனில் அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அவருடைய மகள்.

"அண்ணே, அப்பா போன மாசம் தவறிட்டாங்க. நோட்டுலே உங்க பேரு இருந்துச்சு. மூணு பேருக்குத்தான் வித்திருக்காங்க. எங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த ரயிலைத் திருப்பித் தருவீங்களா? என்ன விலையானாலும் குடுத்துடறேன். என் பையன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

பணத்துக்காக விற்றாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இல்லேண்ணே. பென்ஷன் வருது. வீட்டிலே ஓட்ட ஆள் இல்லேன்னு குடுத்திருக்காங்க. நாங்க மெட்ராஸிலே இருந்தோம், வர முடியலே. வாங்கினவங்ககிட்ட பேசறதுதான் பொழுதுபோக்காம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க."

எடுக்காமல் விட்ட மணிகள் எல்லாம் எனக்கு அப்போது கேட்டன.

பணம் வேண்டாம் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. "சும்மா வாங்கினா அப்பாவுக்குப் பிடிக்காது. நோட்டுலே நாலாயிரத்து இருநூறுன்னு எழுதியிருக்கு" என்றார். "நான் முதலில் கேட்ட விலை நாலாயிரம். அதுவே இருக்கட்டும், அம்மா" என்றேன். அவரைப் போலவே பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு பெட்டியாகச் சுற்றினேன். எங்கள் எஞ்சினையும் கூடவே வைத்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துப் பொன்மலைக்காரரின் எண்ணிலிருந்து மணி அடித்தது. இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"ஓடுதா?" என்று நான்தான் கேட்டேன்.