நெடுஞ்சாலைக்கு வடக்கே

அண்மையில் நண்பர்கள் கூடியபோது ஒருவர் சொன்னார்: ஏ9 வீதி அரியாலைப் பக்கமாக யாழ் நகருள் நுழையுமிடத்திலிருந்து அதை விரைவுச்சாலையாக்க வேண்டும்; ஜேர்மனியைப் பாருங்கள் என்று. நான் எசன் நகரில் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் வீடு ஏ40 நெடுஞ்சாலைக்கு வடக்கே. வாடகை கட்டுப்படியான பக்கம் அது.

டுயிஸ்பேர்க், எசன், போஹும், டோட்முண்ட் நகரங்களை ஊடறுக்கும் இவ்வீதியை இங்கே 'சமூக மத்தியகோடு' என்பார்கள். வடக்கே வறுமை, தெற்கே வசதி. வீதிதான் இப்பேதத்தை உண்டாக்கியது என்பது சரியல்ல. ஹெல்வெக் எனும் மத்தியகால வணிகப் பாதையில் இந்நகரங்கள் வளர்ந்தன. 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரிச் சுரங்கங்கள் வடக்கே எம்சர் ஆற்றுப் பக்கம் நகர, தொழிலாளர் குடியிருப்புகள் சுரங்கவாயில்களைச் சுற்றி முளைத்தன. மோட்டார் வாகனத்துக்கு முந்திய பிரிவு இது.

1920இல் றூர் நிலக்கரிப் பிரதேசக் குடியிருப்புச் சங்கம் உருவானது. அதன் முதற் பணிப்பாளர் றொபேட் ஷ்மிட், நகரசபைகளின் எல்லைகளைத் தாண்டிச் செல்லும் பெருவீதிகளை வகுத்தார். கிழக்கு-மேற்காகச் சில, வடக்கு-தெற்காகச் சில. அவற்றுக்கான நிலம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது. தூரப் பயணத்துக்கு ஒரு தரம், ஊர்ப் பயணத்துக்கு வேறொரு தரம். (படிநிலை என்ற சொல்லைக் கேட்டதும் எமக்கு வேறு நினைவுகள் வருவது இயல்பு.) அவ்வளவில் அது நல்ல திட்டந்தான்.

போருக்குப் பின்னர் ஒரே வீதிமீது இரு தரங்களையும் ஏற்றினார்கள். எசனில் அது படிப்படியாக அதிவேகச்சாலையானது. பிரதான புகையிரத நிலையத்தை உரசிக்கொண்டு போகிறது. 1970இல் நகர நடுவில் ஒரு சுரங்கப்பாதையும் வந்தது. ஏனைய இடங்களில் மதகின் கீழோ பாலத்தின் மேலோதான் தெற்கே போகலாம். டோட்முண்டில் இதே வீதி நகருள் நுழைந்ததும் பி1 ஆகத் தரமிறங்குகிறது. நடுவில் நகர ரயில், சந்திகளில் சமிக்ஞை விளக்குகள். நெரிசலும் புகையும் நிறையவே உண்டு. ஆயினும் பார லொறி நின்று ஒரு கிழவிக்கு வழிவிடுகிறது.

2010 ஜூலை 18ஆம் திகதி சுமார் 60 கிலோமீற்றருக்கு வீதியை மூடி, ஒரு பக்கம் 20,000 மேசைகள் போட்டார்கள், மறுபக்கம் சைக்கிள்கள். முப்பது இலட்சம்பேர் வந்ததாகச் சொன்னார்கள். அன்றுதான் நான் ஏ40ஐ முதன்முறையாக நடந்து கடந்தேன். இருபது அடிகூட எடுத்திருக்க மாட்டேன்.

நண்பரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்விதான் உண்டு. கண்டி வீதியில் வந்து ஏறும் எங்கள் ஒழுங்கைகளை எங்கே கொண்டுபோய் விடுவதாக உத்தேசம்?