ரைஸ்பெக் விமானவியல் உயர்நிலைப் பள்ளி

ரைஸ்பெக் விமானவியல் உயர்நிலைப் பள்ளி என்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலை அடுத்த டக்விலா நகரில், ‘மியூசியம் ஆஃப் ஃப்ளைட்’ என்னும் விமான அருங்காட்சியகத்தின் அருகில் இயங்கும் அரசுப் பள்ளி. ஹைலைன் பள்ளி மாவட்டம் இதை நிர்வகிக்கிறது.

வகை: 9 முதல் 12 வரையான வகுப்புகள் கொண்ட, விண்ணப்பித்துச் சேரும் சிறப்புப் பாடத்திட்டப் பள்ளி.

கல்விமுறை: அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகியவை விமானம், விண்வெளி சார்ந்த செயல்திட்டங்கள் வழியே கற்பிக்கப்படுகின்றன. துறை வல்லுநர்களின் வழிகாட்டலும் தொழிலகப் பயிற்சியும் உண்டு.

வரலாறு: 2004-இல் ‘ஏவியேஷன் ஹை ஸ்கூல்’ என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 2013-இல் அருங்காட்சியகத்தை ஒட்டிய புதுக் கட்டடத்துக்கு மாறியது. நன்கொடையாளரான விமானப் பொறியாளர் ஜேம்ஸ் ரைஸ்பெக், அவர் மனைவி ஷெர்ரி ஆகியோரைச் சிறப்பிக்கும் வகையில் இப்போதைய பெயரைப் பெற்றது.

சிறப்பு: போயிங் நிறுவனத்தின் தொடக்ககாலத் தொழிற்கூடமான ‘ரெட் பார்ன்’, முதல் போயிங் 747, ஒரு கான்கார்டு, விண்வெளி ஓடப் பயிற்சி மாதிரி ஆகியவை அருங்காட்சியகத்தில் உள்ளன. போயிங் ஃபீல்டு விமான நிலையமும் அருகிலேயே இருப்பதால், வகுப்பறைக் கோட்பாட்டை உண்மையான வானூர்திகளோடு ஒப்பிட்டுக் கற்க இயலுகிறது.