பன்னீர் திராட்சை பிறந்த ஆண்டு

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பழத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகிறார்கள்: 1832-ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரத்திலிருந்து கிழக்கே உத்தமபாளையத்தைத் தாண்டினால் ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி. தெற்கே இறங்கினால் கம்பம், சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர். இத்தனை ஊர்களின் பந்தல்களுக்கும் இந்த ஒற்றை வாக்கியமே பூர்வீகக் கதையாகிவிட்டது. பழைய கொடிகளைத் தேடிப் பிடித்து, அவற்றின் பழத்தில் கைப்பக்குவமாக ஒயின் வடிக்கும் சிறிய ஆலைகள் உலகின் பல மூலைகளில் உருவாகிவரும் காலம் இது. நாளைக்கு இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் அப்படியொரு ஆலை எழுந்தால், அதன் புட்டியிலும் 1832 என்ற எண்தான் பொறிக்கப்படும். அந்த எண் பன்னீர் திராட்சைக்குப் பொருந்தாது. பொருந்தாத எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதால், இந்தக் கொடிக்கு உண்மையிலேயே ஒரு வரலாற்றை உண்டாக்கியவர்கள் கதைக்கு வெளியே நிற்கிறார்கள்.

பன்னீர் என்று நாம் அழைக்கும் ரகத்தின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அது தானாக முளைத்த காட்டுக்கொடியோ வேதகாலப் பழமையுள்ளதோ அன்று. இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு பகுதியில் ஒரு பிரபுவின் ரெஸ்ட் பார்க் மாளிகைத் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த சீவார்ட் ஸ்னோ, 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விதையிலிருந்து வளர்த்தெடுத்த ஒட்டுரகம் அது. பிளாக் ஹாம்பர்க் என்ற கருந்திராட்சையையும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற மணமுள்ள வெள்ளைத் திராட்சையையும் சேர்த்துப் பெற்றதாக அவர் சொன்னார். பெற்றோர் இவைதாம் என்பதை 2003-இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிசெய்தது. அந்தப் பெற்றோரில் ஒன்றான பிளாக் ஹாம்பர்க்கின் கொடியொன்று, 1768-இல் லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் நட்டது, இன்றும் காய்த்துக்கொண்டிருக்கிறது. திராட்சையை விதை போட்டு யாரும் தோட்டம் ஆக்குவதில்லை. குச்சி நட்டுத்தான் பெருக்குகிறார்கள். குச்சியிலிருந்து வருவது தாய்க்கொடியின் உடலேயன்றி அதன் பிள்ளை அல்ல. ஆகவே சுருளிப்பட்டிப் பந்தலில் தொங்கும் பன்னீரும் ஸ்னோவின் தோட்டத்தில் முளைத்த அந்த ஒரே நாற்றின் நீட்சிதான். நாற்றே முளைக்காத 1832-இல் அதன் குச்சி தமிழ்நாட்டுக்கு வந்திருக்க வழியில்லை.

அப்படியானால் 1832 எங்கிருந்து வந்தது? இந்தியத் திராட்சைச் சாகுபடி பற்றிய வேளாண் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பத்தி உண்டு. 1300-ஐ ஒட்டிப் பாரசீகப் படையெடுப்பாளர்கள் திராட்சையை வடக்கே கொண்டுவந்தார்கள். துக்ளக் தலைநகரை மாற்றியபோது அது தௌலதாபாத்துக்கு வந்தது. 1430-இல் அங்கு வந்த இபின் பதூதா செழித்த தோட்டங்களைக் கண்டார். ஏறத்தாழ 1832-இல் கிறிஸ்தவ மிஷனரிகள் சேலம், மதுரை மாவட்டங்களில் திராட்சையை அறிமுகப்படுத்தினார்கள் என்று அது போகிறது. கவனித்துப் பார்த்தால் இதில் பன்னீர் என்றோ மஸ்கட் என்றோ ஒரு சொல்லும் கிடையாது. பொதுவாகத் திராட்சையைப் பற்றிச் சொன்னதை, பின்னால் வந்தவர்கள் ஒரு குறிப்பிட்ட ரகத்தின் மேல் ஏற்றிவிட்டார்கள். இன்னொன்றும் உண்டு. இபின் பதூதா 1304-இல் பிறந்தவர். அவருடைய பயண நூல் 1355-இல் எழுதி முடிக்கப்பட்டது. 1430-இல் அவர் தௌலதாபாத்தில் இருந்திருந்தால் வயது 126 ஆகியிருக்கும். ஒரே பத்தியில் ஒரு தேதி இவ்வளவு வெளிப்படையாகப் பிழையாக இருக்கும்போது அடுத்த தேதியைச் சோதிக்காமல் ஏற்பது முறையாகாது. அந்தப் பயணி உண்மையில் எழுதியதோ இந்தப் பள்ளத்தாக்குக்கு மிக நெருக்கமான செய்தி: தௌலதாபாத்தின் திராட்சையும் மாதுளையும் ஆண்டுக்கு இரண்டு முறை காய்க்கின்றன என்பது அவருக்கு வியப்பாக இருந்தது.

ஊர் நினைவை ஏட்டுக் கணக்கால் அடித்துத் தள்ளலாமா என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊர் நினைவில் பாதிரியார் இருக்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். கத்தோலிக்கத் திருப்பலிக்குக் கலப்பில்லாத திராட்சை ஒயின் வேண்டும். வேறு பழச்சாறு செல்லாது. கப்பலில் வந்து, மாட்டு வண்டியில் உள்நாட்டுக்குப் போகும் ஒயின் புளித்துப்போவது எளிது. பங்குச்சாமி தன் கோவில் வளாகத்தில் நாலு கொடி வைத்திருப்பார் என்பதில் நம்பமுடியாதது ஒன்றுமில்லை. கிறிஸ்தவத் தமிழில் வேரூன்றிய ‘கொடிமுந்திரி’ என்ற சொல்லும் அந்த உறவைத்தான் சொல்கிறது. ஆனால் ஆண்டு மட்டும் இடிக்கிறது. 1773-இல் கலைக்கப்பட்ட இயேசு சபை 1814-இல் மீண்டும் உயிர்பெற்றாலும், அதன் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பியது 1837-38-இல்தான். 1832-இல் இப்பக்கம் பிரெஞ்சுக் குரு ஒருவர் இருந்தாரென்றால், அவர் புதுச்சேரியிலிருந்து இயங்கிய பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவராக இருந்திருப்பார். அவர் ஒரு திராட்சையை நட்டிருக்கலாம். அது பன்னீர் அல்ல. பன்னீர் வந்தது அதற்குப் பிந்தைய ஒரு தலைமுறையில், மஸ்கட் ஹாம்பர்க் பிரான்சின் சந்தைப் பழமாகப் பரவிய பிறகு என்று கொள்வதே பொருத்தம். ஊர் நினைவு ஆளைச் சரியாகவும் ஆண்டைத் தவறாகவும் வைத்திருக்கிறது. எந்த ஊரிலும் நடப்பதுதான்.

ஆண்டு பிந்திப்போனால் பெருமை குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. உலகமே கொண்டாடும் போர்டோவின் ஒயின் திராட்சையான கபர்நே சோவிஞான்கூட இரண்டு ரகங்கள் தற்செயலாகக் கலந்து பிறந்த பிள்ளை என்பதை 1990-களில் மரபணு ஆய்வு காட்டியது. அதனால் போர்டோக்காரர்கள் யாரும் தலை குனியவில்லை. பழமை மட்டும்தான் அளவுகோல் என்றால் நம்மிடம் அதற்கும் குறைவில்லை: யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பருகியதைப் புறநானூறு சொல்கிறது, அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல்பகுதியின் மதுச்சாடிகள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒயின் வந்திருக்கிறது. கொடியைத் தமிழ் மண்ணில் பெரும்பயிராக நிறுத்தியதுதான் பிற்காலத்தார் செய்த காரியம்.

அந்தக் காரியத்துக்கு முதல் தேவை தண்ணீர். 1886-இல் திருவிதாங்கூரோடு எழுதப்பட்ட ஒப்பந்தத்தின்படி பொறியாளர் பென்னிகுவிக் கட்டிமுடித்த முல்லைப்பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மேற்கே பாய வேண்டிய ஆறு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. நெல் வயல்கள் நேரடியாகப் பயன்பெற்றன. திராட்சைக்கோ அந்தத் தண்ணீர் கிணறுகளின் வழியாக வந்து சேர்ந்தது. ஓடையோரத்து மணற்பாங்கான செம்மண், வற்றாத கிணறு, இருபக்கமும் மலை, மிதமான காற்று என்று எல்லாம் கூடிய இடம் இது. இங்கிலாந்தில் மஸ்கட் ஹாம்பர்க்குக்காகக் கண்ணாடி வீடு கட்டி, நிலக்கரி எரித்துச் சூடேற்றி வளர்த்தார்கள். திறந்த வெளியில் அங்கே அது பழுக்காது. பிரபுக்கள் காசைக் கொட்டி உண்டாக்கிய அந்தச் சூட்டை இந்தப் பள்ளத்தாக்கு சும்மா கொடுத்தது.

ஆனால் சூடு மட்டும் போதுமென்றால் தமிழ்நாடு முழுதும் பன்னீர் விளைந்திருக்க வேண்டும். திராட்சை குளிர்நாட்டு ஒழுங்கில் வளர்ந்த கொடி. பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி, வசந்தத்தில் கண் விழித்து, ஆண்டுக்கு ஒருமுறை காய்ப்பது அதன் இயல்பு. இங்கே அதைத் தூங்கவைக்கப் பனி இல்லை. அந்தப் பனியின் வேலையைக் கவாத்துக் கத்திரி செய்கிறது. எந்தக் குச்சியில் எத்தனை கண் விட்டு வெட்டுவது, எந்தக் கண்ணில் குலை வரும், எந்தக் கண் வெறும் கொடியாக ஓடும் என்பதைத் தொட்டே அறியும் கவாத்துக்காரர்கள் இங்குள்ள ஊர்களில் உண்டு. கவாத்து செய்த நாளிலிருந்து ஏறத்தாழ 120 நாளில் அறுவடை. ஒரு தோட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு, சில நேரம் மூன்று வெள்ளாமை; தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றுவதால் பள்ளத்தாக்கில் பன்னீர் கிடைக்காத மாதமே இல்லை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தலாக விரித்ததும் வெயிலுக்கேற்ற ஏற்பாடு. குலைகள் இலை நிழலில் தொங்கும், அடியில் காற்று ஓடும். மழை பிடித்துக்கொண்டால் செவட்டை நோய் வந்துவிடும். அதற்கு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிக்கும் போர்டோ கலவை, பிரான்சில் சாலையோரப் பழத்தைத் திருடர்கள் பறிக்காமலிருக்கத் தெளித்த பூச்சிலிருந்து 1885-இல் மருந்தாகக் கண்டறியப்பட்டது. அதே கலவை இங்கே ஆண்டு முழுதும் கண் விழித்திருக்கும் கொடியைக் காப்பதற்கு வந்து சேர்ந்தது. கொடியை யார் கொண்டுவந்தார் என்பது ஒரு நாள் செய்தி. தூங்காத கொடியைத் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பது எப்படி என்று கண்டுபிடித்ததுதான் கம்பத்தின் வரலாறு. அந்த அறிவு பாதிரியாரோடு வரவில்லை. ஐரோப்பாவில் அதற்கு வேலையே இல்லை.

பெயரும் நம்முடையது. மஸ்கட் மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்றான ஜெரானியால் ரோஜாவின் எண்ணெயிலும் இருக்கிறது. வேதியியல் படிக்காமலே, மூக்கால் மட்டும் அறிந்து, ரோஜா நீரின் பெயரைப் பழத்துக்கு வைத்தவர்கள் நம் ஆட்கள். சீனர்களும் இதே ரகத்துக்கு ‘ரோஜா மணம்’ என்று பொருள்படும் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மஸ்கட் ஹாம்பர்க் தின்னும் பழம், ஒயினுக்கு ஆகாது என்பது அடுத்த ஆட்சேபம். தோல் மெல்லியது, நிறம் வெளிறும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அந்தச் சீனத்தில்தான், தியான்ஜின் நகரத்தின் டைனஸ்டி நிறுவனம் 1980-இல் பிரான்சின் ரெமி மார்ட்டினோடு சேர்ந்து இந்தப் பழத்திலிருந்தே வெள்ளை ஒயின் எடுத்துத் தொழிலைத் தொடங்கியது. கிரேக்கத்தின் தீர்னவோஸில் இதை வைத்துச் சாராயம் வடிக்கிறார்கள். கலிபோர்னியாவில் இனிப்பு ஒயின் செய்கிறார்கள். சிலி நாட்டின் பாயிஸ் கொடி இன்னும் நல்ல பாடம். ஸ்பானியர் காலத்தில் திருப்பலிக்காகப் பரவிய கொடி அது. கபர்நே வந்த பிறகு குடியானவரின் மட்டமான கொடி என்று ஒதுக்கப்பட்டது. இந்த நூற்றாண்டில் மௌலே, இதாதா பள்ளத்தாக்குகளில் சிறு ஆலைகள் அந்த முதிய கொடிகளைத் தேடிப்போய், குடியானவரின் முறையையே பின்பற்றி ஒயின் செய்து மதிப்பை மீட்டன. மீட்கப்பட்டது கொடியோடு குடியானவரின் கைப்பழக்கமும் சேர்த்துத்தான் என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் பெயரிலேயே ஓர் ஒயின் ஆலை அமைந்ததுண்டு. ஆலை அமைவது மட்டும் போதாது. தேனியின் பன்னீரை எவரும் எங்கும் பிழியலாம். இந்தக் கவாத்தும் இந்த ஆண்டு முழுதுமான அறுவடையும்தான் இந்தப் பள்ளத்தாக்கின் அடையாளம்.

தமிழ்நாட்டில் இன்னொரு மதுவா என்ற எதிர்ப்பு எல்லாவற்றிலும் கனமானது. அதை ஒதுக்கிவிட்டு இந்தப் பொருளைப் பேச முடியாது. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு வந்ததும், 1971-இல் அது தளர்த்தப்பட்டதும், 2003 முதல் அரசே கடை வைத்து விற்பதும் வெறும் கொள்கைக் கணக்கு அல்ல. அதற்குள் எத்தனையோ வீடுகளின் அழிவு இருக்கிறது. ஒயின் வந்தால் உழவர் பிழைத்துவிடுவார் என்ற வாதத்தை நான் முன்வைக்கவில்லை. பன்னீர் பறித்த பின் அதிக நாள் தாங்காது. கேரளத்துச் சந்தை சுருங்கினால் விலை அன்றைக்கே இறங்கும். 2020 ஊரடங்கில் குலைகள் கொடியிலேயே வீணாயின. சாறு ஆலையும் குளிர்பதனக் கிடங்கும் இதற்கு ஒயினைவிட முந்திய மருந்து. சிறிய ஆலை என்று நான் பேசுவது, எண்ணிச் சொல்லக்கூடிய புட்டிகளை, தோட்டத்தின் பெயரோடும் கவாத்து மாதத்தோடும் விற்கும் ஆலையை. திருப்பலி ஒயினுக்கென்று தனி விதிகளை வைத்திருக்கும் அரசுக்கு, அந்த அளவுக்கு உரிமத்தைக் கட்டுக்குள் வைக்கத் தெரியும். அதுவும் வேண்டாம் என்று சமூகம் முடிவுசெய்தால், இங்கு சொன்ன வரலாறு அதனால் பொய்யாகிவிடாது.

ஆனால் தோட்டம் போய்விட்டால் வரலாறும் போய்விடும். விலை சரியும்போதும், கூலி ஏறும்போதும், விதையில்லாத் திராட்சைக்கு மாறும்போதும் பழைய பன்னீர்ப் பந்தல்கள் பிரிக்கப்படுகின்றன. கல்தூணை விற்றுவிட்டு வாழை வைக்கிறார்கள். அந்தக் கொடிகளில் எது எந்த ஊர்க் குச்சி, யார் தோட்டத்திலிருந்து யார் தோட்டத்துக்குப் போனது என்ற வழித்தடம் கவாத்துக்காரர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வயதான பந்தல் ஒன்றைப் பிரிக்கும் முன் அதன் குச்சியில் சிலவற்றையும் அந்தத் தோட்டத்தின் கதையையும் அங்கே ஒப்படைக்க வழி செய்யுங்கள். புவிசார் குறியீட்டின் வரலாற்றுப் பகுதியில் 1832-ஐ நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இந்த ஊர்களின் பெயர்களையும் கவாத்து முறையையும் எழுதுங்கள்.