மாறாத பெயர்: இரினா ரோட்னினாவும் ஜோடிப் பனிச்சறுக்கின் போக்கு மாற்றமும் (1964–1980)

ஃபிகர் ஸ்கேட்டிங்கின் ஜோடிப் பிரிவில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தே பட்டம் வெல்கிறார்கள். அதனால் பதிவேடுகளும் ஜோடியைத்தான் கணக்கில் கொள்கின்றன. 1969 முதல் 1978 வரையிலான உலக வெற்றியாளர் பட்டியலைப் புரட்டினால் ரோட்னினா–உலானொவ் நான்கு முறை, ரோட்னினா–ஜைட்செவ் ஆறு முறை என இரண்டு தனித்தனிக் கணக்குகள் கிடைக்கும். பத்து ஆண்டுகள் ஒரே பெண் தோல்வியே காணாமல் நின்றாள் என்ற செய்தி இந்த எழுத்து முறையில் இரண்டாகப் பிளந்துபோகிறது. துணைவர் மாறினார், பயிற்சியாளர் மாறினார், முடிவு மட்டும் மாறவில்லை. அந்த மாறாமைக்கு என்ன காரணம், அது ஜோடிப் பனிச்சறுக்கின் இயல்பையே எப்படித் திருப்பியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

ரோட்னினாவுக்கு முன்

1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் அன்னா ஹியூப்லரும் ஹைன்ரிஹ் புர்கரும் முதல் ஜோடித் தங்கத்தை வென்றார்கள். அடுத்த அரை நூற்றாண்டில் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ், கனடா ஆகிய நாடுகளே பெரும்பாலும் முன்னின்றன. சோவியத் ஒன்றியம் இத்துறையில் மிகத் தாமதமாகவே தலைகாட்டியது. 1958 முதல் 1960 வரை ஐரோப்பியப் போட்டியில் தொடர்ந்து வெள்ளி வென்ற நீனா–ஸ்தனிஸ்லாவ் ஜுக் தம்பதிதான் அந்நாட்டு ஜோடிகளுக்கு வழி திறந்தவர்கள். ஸ்தனிஸ்லாவ் ஜுக்கின் பெயர் இக்கட்டுரையில் மறுபடி மறுபடி வரும்.

1964இல் இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் லுட்மிலா பெலூசொவாவும் அவர் கணவர் ஒலெக் புரோட்டொபோபொவும் தங்கம் வென்றார்கள். 1968இல் கிரெனோபிளில் அதைத் தக்கவைத்துக்கொண்டார்கள். நீண்டு வழியும் கோடுகள், அவசரமில்லாத திருப்பங்கள், பீத்தோவனின் ‘மூன்லைட் சொனாட்டா’ போன்ற இசை என அவர்கள் பாணி பாலே மேடைக்கு நெருக்கமானது. ஆண் ஒரே இடத்தில் ஊன்றி நிற்க, பெண் தலை பனியைத் தொடுமளவு சாய்ந்து அவனைச் சுற்றி வரும் ‘மரணச் சுழல்’ என்ற அசைவில் அதுவரை ஒரு வகைதான் வழக்கில் இருந்தது. அதற்குப் புதிய வகைகளைச் சேர்த்தவர்கள் இவர்கள்தான். அழகு என்றால் இதுதான் என்று உலகம் ஒப்புக்கொண்டிருந்த காலம் அது. அந்த அழகில் ஆண் ஊன்றிய தூண். பெண் அவனைச் சுற்றிப் படரும் கொடி.

நோயாளிச் சிறுமி

இரினா ரோட்னினா 1949 செப்டம்பர் 12 அன்று மாஸ்கோவில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி, தாய் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர். சிறு வயதில் அடிக்கடி நுரையீரல் அழற்சி கண்ட பிள்ளை. திறந்த வெளியில் குளிர்காற்றில் ஓடியாடினால் உடம்பு தேறும் என்றுதான் பெற்றோர் பூங்காவின் பனித்தளத்துக்கு அழைத்துப்போனார்கள். அப்போது பதக்கம் யாருடைய எண்ணத்திலும் இல்லை. பின்னர் மத்திய ராணுவ விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்தார். ஜோடிப் பிரிவின் அரிச்சுவடியை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் சோனியா, மிலன் வாலுன் என்ற செக் தம்பதி. இந்தச் சிறு தகவலை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1960களின் நடுவில் ரோட்னினா ஸ்தனிஸ்லாவ் ஜுக்கின் கைக்கு வந்தார். ஜுக் அவரை அலெக்சேய் உலானொவுடன் சேர்த்தார். குட்டையான, கட்டுறுதியான உடல்வாகு கொண்ட ரோட்னினாவுக்குப் புரோட்டொபோபொவ் பாணியின் கொடிபோன்ற நளினம் பொருந்தாது. ஜுக் அதைக் குறையாக எண்ணவில்லை. வேகத்தையும், ஒரு கூறு முடியும் முன்பே அடுத்த கூறு பிறக்கும் நெருக்கத்தையும், மூச்சுவிட இடமில்லாத காலடி வரிசைகளையும் வைத்து வேறொரு பாணியை அந்த உடலுக்கேற்பக் கட்டினார். பழைய ஒளிப்பதிவுகளைப் பார்ப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். திருப்பங்களில் ரோட்னினா இழுத்துச் செல்லப்படுவதில்லை. அவருடைய முழங்கால் ஆழமாக மடிகிறது, கத்தி பனியைக் கடிக்கிறது, அடுத்த உந்துதல் அவரிடமிருந்தே புறப்படுகிறது. உலானொவ் அந்த வேகத்தைச் சுமக்கிறார். உண்டாக்குவது பெரிதும் ரோட்னினாவே. தூணும் கொடியும் என்ற பழைய ஏற்பாடு இங்கே உடைந்தது என்பது என் முடிவு.

1969இல் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஹனில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் இந்தப் புதிய ஜோடி ஒலிம்பிக் வெற்றியாளர்களை வீழ்த்தியது. ரோட்னினாவுக்கு வயது 19. பெலூசொவாவுக்கு 33, புரோட்டொபோபொவுக்கு 36. சில வாரங்களில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் உலகப் பட்டமும் வந்தது. தமாரா மஸ்க்வினா–அலெக்சேய் மீஷின் வெள்ளி பெற, பழைய வெற்றியாளர்கள் மூன்றாம் இடத்துக்கு இறங்கினார்கள். இதை வெறும் தலைமுறை மாற்றமாகப் பார்ப்பது போதாது. அழகுக்கான இலக்கணத்தை நடுவர்களே மாற்றி எழுதிய தருணம் அது. புரோட்டொபோபொவ் தம்பதி அதை ஏற்க மறுத்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அவர்களுடைய நிதானத்தை அடுத்த பத்தாண்டுகளில் யாரும் எட்டவில்லை.

1972: ஒரு பரிசோதனை

1972 பிப்ரவரியில் சப்போரோவில் ரோட்னினா–உலானொவ் ஒலிம்பிக் தங்கம் வென்றபோது, ஜோடி உள்ளுக்குள் உடைந்திருந்தது. உலானொவ், அதே போட்டியில் வெள்ளி வென்ற லுட்மிலா ஸ்மிர்னோவாவைக் காதலித்தார். ஸ்மிர்னோவாவின் துணைவர் ஆந்த்ரேய் சுராய்கின். அடுத்து கால்கரியில் உலகப் போட்டி. தொடங்குவதற்கு முன்பான பயிற்சியில் உலானொவ் தலைக்கு மேல் தூக்கியிருந்த ரோட்னினா பனியில் விழுந்தார். தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டியதால் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த நிலையிலும் அவர் ஆடினார், அவர்களே வென்றார்கள். அதுதான் இருவரும் சேர்ந்து வென்ற கடைசி உலகப் பட்டம். இன்றைய மருத்துவ அறிவின்படி தலைக்காயத்தோடு ஒருவரைப் பனித்தளத்தில் இறக்குவதை யாரும் அனுமதிக்கக்கூடாது. அன்றைய வீரக்கதையாக இதைச் சொல்லிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை.

உலானொவ் ஸ்மிர்னோவாவை மணந்து அவருடனேயே ஜோடி சேர்ந்தார். ரோட்னினா விலகிவிடும் எண்ணத்தில் இருந்தார். ஜுக் லெனின்கிராடிலிருந்து அலெக்சாந்தர் ஜைட்செவ் என்ற இளைஞரைக் கொண்டுவந்தார். இருபது வயதுகூட நிரம்பாதவர், பன்னாட்டுப் புகழ் ஏதும் இல்லாதவர். 1972 ஏப்ரலில் பயிற்சி தொடங்கியது. ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, 1973இல் கொலோன் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் நடுவர்கள் இந்த ஜோடிக்கு முழு மதிப்பெண்ணான 6.0ஐப் பன்னிரண்டு முறை தூக்கிக் காட்டினார்கள்.

இந்த இடத்தில் ஆய்வாளருக்கு வரலாறே ஒரு பரிசோதனையை அமைத்துத் தருகிறது. ஸ்மிர்னோவா 1970, 1971, 1972 உலகப் போட்டிகளில் சுராய்கினுடன் வெள்ளி வென்றவர். 1973, 1974இல் ரோட்னினாவின் பழைய துணைவருடன் ஆடி மறுபடியும் வெள்ளியே வென்றார். உலக வெற்றியாளரான ஆண் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனார். தங்கம் அவருடன் போகவில்லை. அது ரோட்னினாவிடமே நின்றது. ஜோடியின் வெற்றிக்குத் தூக்கும் ஆணே அடிப்படை என்ற பழைய எண்ணத்துக்கு எதிராக இதைவிடத் தெளிவான சான்று இத்துறையின் வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஓர் எதிர்வாதம் எழும்: இரண்டு ஜோடிகளையும் ஆக்கியவர் ஜுக், ஆகவே மாறாமல் இருந்தது பயிற்சியாளர்தானே? 1974 வரை இந்த வாதம் வலுவானது. அந்த ஆண்டு ரோட்னினாவும் ஜைட்செவும் ஜுக்கை விட்டு விலகித் தாத்யானா தாரசோவாவிடம் சேர்ந்தார்கள். ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளர் அனத்தோலி தாரசொவின் மகளான அவர் ரோட்னினாவைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். தாரசோவாவின் பயிற்சியில் 1975 முதல் 1978 வரை நான்கு உலகப் பட்டங்கள், 1976, 1980 ஒலிம்பிக் தங்கங்கள் வந்தன. பயிற்சியாளரையும் மாற்றிப் பார்த்தாயிற்று, முடிவு அதேதான். அரசின் செலவில் இயங்கிய சோவியத் விளையாட்டு அமைப்பு மாறாமல் இருந்தது உண்மை. ஆனால் அதே அமைப்பின் நிழலில்தான் ஸ்மிர்னோவாவும் வளர்ந்தார்.

பிராட்டிஸ்லாவாவின் நிசப்தம்

1973 உலகப் போட்டி செக்கோஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் நடந்தது. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் அந்நாட்டுத் தெருக்களுக்குள் நுழைந்து ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை. ரோட்னினாவும் ஜைட்செவும் குறு நிகழ்ச்சியை ஆடிக்கொண்டிருந்தபோது இசை திடீரென நின்றுபோனது. ஒலிக்கருவி இயக்கியவர்களில் யாரோ பழிதீர்க்க நிறுத்தினார்கள் என்ற பேச்சு அப்போதே கிளம்பியது. அது பேச்சாகவே நிற்கிறது. பனித்தளத்தில் நடந்ததுதான் நமக்கு முக்கியம். இருவரும் நிற்கவில்லை.

இதன் அருமையை உணர ஜோடிச் சறுக்கின் நுட்பம் சற்றுத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் பக்கமாக இருவர் ஒரே கணத்தில் தாவுவதற்கும் சுழல்வதற்கும் இசையே பொதுக் கடிகாரம். அது போனால் ஒருவர் காதில் விழுவது மற்றவரின் கத்தி பனியைச் சீவும் ஒலி மட்டும். பின்னோக்கி வேகமாகச் செல்லும்போது துணையைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. அந்த உரசலைக் கேட்டே தூரத்தையும் நேரத்தையும் அளக்க வேண்டும். சேர்ந்து ஓராண்டு ஆகாத இருவர் அப்படி அளந்து இறுதிவரை ஒரு கணக்கும் தவறாமல் முடித்தார்கள். எந்த நாட்டின் மீது கோபம் கொள்ள அரங்கில் இருந்தோருக்கு எல்லாக் காரணமும் இருந்ததோ, அந்த நாட்டின் ஜோடிக்காக அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பட்டமும் அந்த ஜோடிக்கே. காலடிகள் உடம்புக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தால் இது கைகூடும் என்பதை ஜுக்கின் கடுமையான பயிற்சி முறையைப் பற்றிப் பேசும்போது மறக்கக் கூடாது.

தாயான பிறகு

ரோட்னினாவும் ஜைட்செவும் 1975இல் திருமணம் செய்துகொண்டார்கள். 1978இல் ஒட்டாவாவில் பத்தாவது உலகப் பட்டம் கிடைத்தது. சோன்யா ஹெனியின் பத்து ஒற்றையர் பட்டங்களுக்கு அது சமம். 1979 பிப்ரவரியில் மகன் பிறந்தான். அந்த ஆண்டு வியன்னாவில் உலகப் பட்டத்தை அமெரிக்காவின் டாய் பபிலோனியா–ராண்டி கார்ட்னர் வென்றார்கள். 1977, 1978இல் ரோட்னினாவுக்குப் பின்னால் வெண்கலம் வென்றவர்கள் அவர்கள். 1980 பிப்ரவரியில் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் இரு ஜோடிகளும் மோதும் என்று உலகம் காத்திருந்தது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் இறங்கியிருந்த நேரம். எதிர்பார்ப்பில் அரசியல் சூடும் இருந்தது. ஆனால் கார்ட்னருக்குத் தொடைப் பகுதியில் காயம். மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு களமிறங்கியவர் ஆட்டத்துக்கு முந்தைய வெள்ளோட்டத்திலேயே திரும்பத் திரும்ப விழுந்தார். அந்த ஜோடி விலகியது. எனவே 1980இன் தங்கத்தைக் கொண்டு யார் சிறந்தவர் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. முப்பது வயதில், பிள்ளை பெற்று ஓராண்டு நிறையும் முன், ஒன்பது நடுவர்களும் முதலிடம் தரும்படி ஒரு பெண் ஆடினாள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். பரிசு மேடையில் கொடி ஏறும்போது அவர் கன்னத்தில் வழிந்த கண்ணீரை ஒளிப்பதிவுக் கருவிகள் நெருக்கத்தில் காட்டின. அதோடு அவர் போட்டிகளிலிருந்து விடைபெற்றார்.

பின்விளைவு

ரோட்னினா திறந்த வேகப் பாதையை ஜுக் வேறொரு திசைக்கும் கொண்டுபோனார். 1977இல் ஹெல்சிங்கியில் அவருடைய மாணவர்கள் மரீனா செர்கசோவாவும் செர்கேய் ஷக்ராயும், ஆண் வீசியெறியப் பெண் காற்றில் நான்கு முறை சுழன்று அவன் கைக்கே திரும்பும் அசைவைப் போட்டியில் முதன்முதலாக நிகழ்த்தினார்கள். செர்கசோவாவுக்கு அப்போது வயது 12. உயர்ந்த ஆண், சிறு குழந்தை போன்ற பெண் என்ற இந்த ஏற்பாட்டில் பெண் மறுபடியும் தூக்கி எறியப்படும் பொருளாகிறாள். 1980 உலகப் பட்டம் அவர்களுக்குக் கிடைத்தது. பெண் வளர்ந்ததும் ஜோடி நிலைக்கவில்லை. ரோட்னினாவின் வழியும் இதுவும் ஒரே பள்ளியில் பிறந்தவை என்றாலும் ஒன்றையொன்று மறுப்பவை. முன்னதில் பெண்ணின் வலிமை கூடக் கூட ஜோடி வளர்ந்தது. பின்னதில் பெண் வளராதவரை மட்டுமே ஜோடி இருந்தது. மூத்தோர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதைப் பன்னாட்டுப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 17ஆக உயர்த்த 2022இல் முடிவெடுத்தது. அதை மிகத் தாமதமான நல்ல முடிவு என்றே கருதுகிறேன்.

1990இல் ரோட்னினா கலிஃபோர்னியாவுக்குப் பயிற்சியாளராகப் போனார். அங்கே அவரிடம் பயின்ற ரத்கா கோவார்ஷிகோவாவும் ரெனே நோவோட்னியும் 1995இல் செக் குடியரசுக்காக உலகப் பட்டம் வென்றார்கள். செக் தம்பதியிடம் முதல் பாடம் கற்றவர் அந்நாட்டுக்கே தங்கத்தைக் கொடுத்தார். நாடு திரும்பியபின் 2007இல் ஆளுங்கட்சியின் சார்பில் ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினரானார். 2014இல் சோச்சி ஒலிம்பிக் தீபத்தை விளாதிஸ்லாவ் திரெத்தியாக்குடன் சேர்ந்து ஏற்றினார். அவருடைய அரசியலைப் பற்றிக் கடும் விமர்சனங்கள் உண்டு. அது தனி ஆய்வுக்குரியது.

துணைவரை மாற்றிப் பார்த்த 1972இன் பரிசோதனை பின்னாளில் ஒருமுறை திரும்ப நடந்தது. உக்ரைனில் பிறந்து ஜெர்மனிக்காக ஆடிய அல்யோனா சாவ்சென்கோ, ராபின் சோல்கோவியுடன் ஐந்து உலகப் பட்டங்கள் வென்றார். சோல்கோவி விலகியபின் புரூனோ மாஸோவுடன் சேர்ந்து 2018இல், தம் 34ஆம் வயதில், ஒலிம்பிக் தங்கத்தையும் ஆறாவது உலகப் பட்டத்தையும் அடைந்தார். அங்கேயும் துணைவர் மாறினார், பெண் நின்றாள். அவருடைய பட்டங்களும் பட்டியலில் இரண்டு கணக்காகவே கிடக்கின்றன. விளையாட்டு வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுவோர் ஜோடிகளின் பட்டியலோடு ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் பட்டியலையும் தர வேண்டும். அப்படித் தந்தால் ஜோடிப் பிரிவின் முதல் வரியில் ஒரே பெயர் இருக்கும்: இரினா ரோட்னினா, உலகப் பட்டங்கள் 10.